அம்மாவின் ஓர்மை
(எலப்புள்ளியில் நடந்த குடும்பச் சங்கமத்தில் பேசியது)

காரியதரிசி வற்புறுத்தியதால் மேடை ஏறிவிட்டேன். உபந்நியாசம் எல்லாம் எனக்கு வராது. இதே ஊரில் எங்கள் ஆத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயதில் ஓர்மை குறைய ஆரம்பித்தது. மொளகூட்டலில் ஒருநாள் உப்பு இரட்டிப்பு, மறுநாள் உப்பே இல்லை. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பிறகு சாயங்காலமானால் வாசற்படி இறங்கி, "ஆத்துக்குப் போகணும், அப்பா தேடுவார்" என்பாள். கல்யாணமாகி வந்து அறுபது வருஷம் வாழ்ந்த ஆம் அது!

நான் செம்பூரில். ஞாயிறுதோறும் போன் செய்வேன். ஒரு தடவை, "ரெண்டு நாளா எனக்கு ஒண்ணும் தரலைடா" என்று அம்மா அழுதாள். உடனே அண்ணாவிடம், மன்னி காதில் விழும்படியே, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். மன்னி பதில் பேசவில்லை.

அந்த லீவில் பத்து நாள் வந்து இருந்தேன். என் கையாலேயே அம்மாவுக்கு நாலு இட்லி போட்டேன். கை அலம்பி வந்து உட்கார்ந்தவள், "இந்தாத்துல என்னைப் பட்டினி போடறா" என்று என்னிடமே சொன்னாள். ராத்திரி மூன்று தடவை எழுந்து துணி மாற்றியது மன்னிதான். கிளம்புகிற அன்று மன்னிக்கு நமஸ்காரம் பண்ணினேன்.

டாக்டர் முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னார். பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். அதற்கு மருந்து உண்டு. மாமிசம் சேர்க்காத நமக்கு பி12 குறைவது சகஜம். ஆகவே, வயசு என்று விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு வந்தது அதுவல்ல, அல்ஸைமர். 1906-இல் அலாய்ஸ் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய டாக்டர் எடுத்துச் சொன்ன வியாதி. பெரும்பாலும் புது நினைவு முதலில் போகும், பழசு கடைசியில். அதனால்தான் தின்ற இட்லி மறந்து, என்றோ போன அப்பா தேடுகிறார். நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இதுபோன்ற மறதி நோய் என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுமார் 88 லட்சம் பேர். கேரளத்து டாக்டர் ஜேகப் ராய், தம் தகப்பனாருக்கே இது வந்து பார்த்தவர், 1992-இல் இதற்கென ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கம் தொடங்கினார்.

வாதாடிப் பிரயோஜனமில்லை. "இப்பத்தானே சாப்பிட்டேள்" என்று மன்னி சொல்லவே மாட்டாள். "சமையல் ஆயிண்டிருக்கு, அதுவரைக்கும் இதைக் குடியுங்கோ" என்று சின்ன டம்ளரில் மோர் தருவாள். சாயங்காலம் கையைப் பிடித்துக் கோவில் திருப்பம் வரை நடத்தி, திரும்பக் கூட்டி வந்து, "ஆத்துக்கு வந்தாச்சு" என்பாள். அம்மா சமாதானமாக உள்ளே போவாள். எந்தப் புஸ்தகமும் மன்னிக்குச் சொல்லித் தரவில்லை.

போனில் யோசனை சொல்வது சுலபம். (நானும் நிறையச் சொன்னவன்.) அதன்பின் உடன்பிறந்தோர் மூவரும் முறை போட்டுக்கொண்டு, ஆளுக்குப் பத்து நாள் வந்து இருந்தோம். முதல் முறை என்னுடையது. மன்னியைக் கோயமுத்தூருக்கு, அவள் அக்கா ஆத்துக்கு அனுப்பினேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக வெளியூர் போனாள். ஐந்தாம் நாளே வந்து நின்றாள்.

"நீ கலக்கற மோர் அம்மாவுக்குப் பிடிக்கலையாமே?"