காக்கையும் குருவியும் கற்பிக்கும் கல்வி
(சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் வருகின்ற விஜயதசமி தொடங்கிப் பாலர் வகுப்பொன்று நடத்தக் கருதியுள்ளனர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகட்கு அங்கு யாது கற்பிப்பது என்பதில் நம்மவருள் இருவேறு கொள்கை உண்டு. வந்த நாள் முதல் எழுதப் பழக்கல் வேண்டும், அன்றேல் சம்பளங் கொடுத்தனுப்புவதிற் பயனென்னை என்பர் ஒரு சாரார். பறவையும் விலங்கும் வரும் பாட்டே முதற்பாடமாக வேண்டும், எழுத்து அதன்பின் வரற்பாலது என்பது எம் கருத்து. நம் முன்னோர் மூன்று வயதில் அட்சராப்பியாசம் செய்விக்கவில்லையோ என வினவலாம். செய்வித்தனர், அரிசியில் ஓரெழுத்தைக் கைபிடித்து எழுதுவித்து, வெல்லமும் பொரியுங் கொடுத்து, குழந்தையை விளையாட விட்டனர். மறுநாளே நான்கு பக்கம் எழுதி வருக என்றாரல்லர்.

காக்கையையும் குருவியையும் கிளியையும் அழைத்துக் குழந்தைக்கு ஒவ்வொன்று கொணரச் சொல்லும் பழம்பாட்டை அறியாத தாய் இவ்வவையில் இலள். ஆக்கியோன் பெயர் தெரியாத அப்பாட்டின் அமைப்பைச் சற்றே உற்று நோக்குங்கள். காக்கையிடங் கேட்பது கண்ணுக்கு வேண்டியது. குருவியிடங் கேட்பது கொண்டைக்கு வேண்டியது. கிளி கொணர்வதோ கிண்ணத்தில். எல்லாம் ககர வருக்கம்! காரிகை கற்றார் இதனை மோனை என்பர். கல்லாத பாட்டிக்கோ இது செவிவழி வந்த செல்வம். இதனை நாடோறுங் கேட்கும் குழந்தை, காக்கையும் கண்ணும் ஓரொலியில் தொடங்குதலைச் சொல்லத் தெரியாமலே அறிந்துகொள்கின்றது. பின்னர்க் ககரத்தின் வரிவடிவைக் காணுங்கால், அவ்வடிவிற்குரிய ஒலி அதன் செவியில் முன்னரே குடியிருக்கும். ஒலியறியாக் குழந்தைமுன் எழுத்தை வைத்தல், ஆளில்லா வீட்டிற்குக் கடிதம் விடுத்தலை ஒக்கும்.

இது பண்டிதர் பழம்பெருமை பேசுதலன்று. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துப் பீட்டர் பிரையண்ட் முதலிய உளநூலார், 1987, 1989 ஆம் ஆண்டுகளில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மூன்று வயதில் குழந்தைப் பாட்டுக்களை மிகுதியும் அறிந்திருந்த பிள்ளைகள், மூன்றாண்டு கழிந்தபின் படிப்பதிலும் எழுத்துக்கூட்டி எழுதுவதிலும் மேம்பட்டு நின்றமை கண்டனர். குடும்பநிலை, அறிவுத்திறன் முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோதும் அத்தொடர்பு நின்றது. அவர்தம் பாட்டு, பெரும்பான்மையும் அடியின் இறுதியில் ஒத்து முடிவது. நம் பாட்டோ மோனை எதுகைகளால் முதற்கண்ணே ஒத்து நடப்பது. ஆதலின் ஆங்கிலப் பாட்டின் பன்றியையும் வாத்தையும் மெட்டோடு பெயர்த்துப் பாடுவிப்பதில் எமக்கு உவப்பில்லை. நமக்குப் பஞ்சமோ? 1915 ஆம் ஆண்டில் வெளிவந்த பாரதியாரின் பாப்பாப் பாட்டில் குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, ஆடு அனைத்தும் உள்ளன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் பசுவையும் கன்றையும் பாடினார். அழ. வள்ளியப்பா அவர்கள் பாடியனவோ பற்பல.

விலங்கு எற்றுக்கு? மலையையும் மலரையும் பாடலாகாதோ எனின், பாடலாம். ஆயினும் மலை நடவாது, மலர் கத்தாது. குழந்தை யானையாகிவிடலாம், துதிக்கைக்கு ஒரு கை போதும். தன் பெயர் கேட்டால் தாயின் முந்தானைக்குள் ஒளியும் குழந்தையும், பூனை எவ்வாறு கத்தும் என்றால் உடனே கத்திக் காட்டும். வாய் திறந்தபின் சொல் தானே வரும். காகம் கரையும், குதிரை கனைக்கும், யானை பிளிறும், மயில் அகவும் என்னும் மரபெல்லாம் இவ்வழியே புகுத்தலாம். பார்ப்பு, பறழ், குருளை, கன்று, மறி என இளமைப் பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்தே ஒன்பதாக வகுத்தார். இன்று எம்மிடம் வரும் பெரிய வகுப்பு மாணாக்கருட் சிலர் மாட்டின் கன்றையும் 'மாட்டுக் குட்டி' என்கின்றனர்!

பாடும் முறை பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். ஒரே பாட்டைப் பலநாள் பாடுக. சலிப்பது நமக்கேயன்றிக் குழந்தைக்கன்று. பாட்டுப் பழகியபின், அடியின் கடைச்சொல்லைச் சொல்லாது நிறுத்திக் குழந்தையின் முகம் நோக்குக. அது சொல்லுமளவும் காத்திருக்க. அந்த நொடிப்பொழுதே பாடம். கைப்பேசியில் ஆடிப்பாடும் யானை ஒருகணமும் நின்று காத்திராது. குழந்தை வாய்திறக்குமுன் அடுத்த பாட்டிற்கு ஓடிவிடும். ஆண்டு விழா மேடையில் அழுகின்ற பிள்ளையை நிறுத்திப் பாடென்று அதட்டுதலும், பாட்டு முடிந்தவுடன் இதனால் அறியும் நீதி யாதெனக் கேட்டலும் கூடா.

ஆகவே காரியதரிசி அவர்கட்கு எம் வேண்டுகோள் இரண்டு. ஐந்து வயது நிரம்புமுன் எழுதும் பாடம் வேண்டா எனத் தீர்மானித்தல் ஒன்று. நம் குலத்து மூதாட்டியர் முறைவைத்து வாரம் இருநாள் வந்து, தாம் அறிந்த பாட்டுக்களைப் பாட ஏற்பாடு செய்தல் மற்றொன்று. அவர்கள் பாடுவனவற்றை எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பும் வேலையை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். வர இசைவோர் இன்று கலையுமுன் பெயர் கொடுத்துச் செல்க. பாடத் தெரிந்த பாட்டன்மாரும் விலக்கப்பட்டிலர்.