ஆறு முனைப் பனிப்பூ

அமெரிக்கா, கனடா பக்கம் குளிர்காலம் வந்துவிட்டால் மழலையர் வகுப்பு ஜன்னல்களில் காகிதப் பனிப்பூக்கள் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் தாளை மடித்து, அங்கங்கே கத்தரித்துப் பிரிப்பார்கள். பாதி, மறுபடி பாதி, இன்னொரு பாதி என்று மடித்தால் எட்டு முனை வந்துவிடும். நிஜப் பனிப்பூவுக்கோ ஆறுதான். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோப்பதே காரணம். ஆகவே பாதியாக மடித்த தாளின் நடுவைப் பிடித்துக்கொண்டு மூன்றாக மடிக்க வேண்டும். ஐந்து வயதுக் கைக்கு அது சிரமம். டீச்சரே மடித்துக் கொடுக்கலாம், தப்பில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. கறுப்பு அட்டையை வெளியே வைத்து நன்றாகக் குளிரவிட்டு, விழும் வெண்பனியை அதில் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. அட்டையில் சூடு இருந்தால் கரைந்துவிடும். மூச்சுக்காற்று பட்டாலும் போச்சு! வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லியும் கறுப்புப் பலகையில்தான் பனியைப் பிடித்தார். நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து 1885 ஜனவரியில் முதல் படம் எடுத்தபோது அவருக்கு வயது 19. பிறகு 5,000-க்கும் மேற்பட்ட படங்கள். பனிப்பூவைக் கண்ணாடித் தகட்டில் உடையாமல் படியவைக்க அவர் பயன்படுத்தியது ஒரு பறவையின் இறகு.