செட்டியார் தெருவின் நாணயம்



கொழும்பு புறக்கோட்டையிலே ஒரு தெரு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'சீ ஸ்றீற்', அதாவது கடல் தெரு. சிங்கள மக்கள் 'ஹெட்டி வீதிய' என்பார்கள். நமக்கு அது செட்டியார் தெரு. இத்தனை பெயர்கள் இருந்தும், இன்று அந்தத் தெருவில் நின்று பார்த்தால் கடலும் தெரியாது. கணக்குப் பெட்டியோடு அமர்ந்திருந்த அந்தக் காலத்துச் செட்டியாரும் தென்படமாட்டார். இரண்டும் பெயரில் மட்டுமே தங்கிவிட்டன.

முதலில் விலகிப் போனது கடல். 1875 ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். பத்து வருடத்தில் அந்தச் சுவர் எழுந்தது. அதன் பின் துறைமுகம் வளர வளர, கரைக்கும் தெருவுக்கும் இடையிலே மதில்களும் பண்டகசாலைகளும் வந்து நின்றுகொண்டன. என் சிறு வயதில், 1960களில், கப்பலின் ஊதல் சத்தம் கேட்கும். கப்பலைக் காண முடியாது.

செட்டியார்கள் போன கதை இன்னும் நீண்டது. தமிழ்நாட்டின் செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தெருவிலே கிட்டங்கிகளை அமைத்தார்கள். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதிலே பாய் விரித்து, சாய்வான சிறு மேசைப் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுவனத்தின் முகவரும் தமக்குரிய இடத்தில் அமர்ந்திருப்பார். மூன்று வருடத் தவணை முடிந்ததும் அவர் ஊருக்குப் போவார்; இன்னொருவர் வருவார். ஆங்கிலேயரின் வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்குக் கதவு திறக்காத காலம் அது. சிங்களவரானாலும் தமிழரானாலும் முஸ்லிமானாலும், முதல் தேவைப்பட்டவர் செட்டியாரிடந்தான் போகவேண்டும். வட்டி கடுமை என்று ஏசியவர்களும் உண்டு. அதே வட்டிக்கு மறுபடி வந்து நின்றவர்களும் உண்டு.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் அவர்களின் கொடுக்கல் வாங்கலை முடக்கியது. 1934 இல் அரசாங்கம் வங்கி ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்தன. வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது அந்நியர்கள் ஆனார்கள். கிட்டங்கிகள் ஒவ்வொன்றாய் வெறுமையாகின. அவர்கள் விட்டுச் சென்றவற்றிலே இன்றும் நிமிர்ந்து நிற்பவை பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலுந்தான். ஆடிவேல் நாளில் முருகனுடைய வேல் இந்தத் தெருவிலிருந்து இரதம் ஏறி பம்பலப்பிட்டிக்குப் புறப்படும்போது, பழைய செட்டியார் தெரு ஒரு கணம் விழித்துப் பார்ப்பதாக எனக்குத் தோன்றும்.

ஆனால் நேயர்களே, நான் இன்று சொல்ல வந்தது கடலைப் பற்றியும் அல்ல, செட்டியார்களைப் பற்றியும் அல்ல. தெருவின் பெயரிலே என்றுமே இடம் பெறாத ஒரு மனிதரைப் பற்றி.

நான் அறிந்த செட்டியார் தெரு நகைத் தெருவாகவே இருந்தது. முன்புறத்தில் கடைகள், பின்புறத்து ஒழுங்கைகளில் பட்டறைகள். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவேன். அம்மா கடைக்குள் ஏறமாட்டா. நேரே ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு பத்தரிடம் போவா. நாலு பேர் நெருக்கியடித்து இருக்கும் ஓர் அறை. உமி நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரைச் சாய்த்து ஊதும்போது அவருடைய கன்னங்கள் உப்புவதைப் பார்ப்பதற்காகவே நான் போவேன். வேலை முடிந்ததும் நிலத்தைக் கூட்டிய குப்பையை வெளியே எறியமாட்டார்கள். ஒரு தகரத்தில் சேர்த்து வைப்பார்கள். "தம்பி, இந்த மண்ணிலையும் பொன் இருக்கு" என்பார் பத்தர்.

1983 ஆம் ஆண்டு ஆனி மாதம். அக்காவின் கல்யாணத்துக்காக அம்மா தன்னுடைய பழைய காப்புகளை அழித்துச் சங்கிலியும் தோடும் செய்யக் கொடுத்தா. நாலரைப் பவுண். பத்தர் நிறுத்துக் காட்டி, தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

அடுத்த மாதம் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. யூலை 25 ஆம் திகதி புறக்கோட்டையிலே தமிழரின் கடைகள் எரிந்தன. நாங்கள் உடுத்த உடையோடு ஓடி, அகதி முகாமாகிவிட்ட ஒரு பாடசாலையில் இருந்தோம். பட்டறை எரிந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அம்மா காப்புகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அந்த மனுசன் உயிரோடை இருக்கிறாரோ?" என்று மட்டும் கேட்டா.

அடுத்த தை மாதத்தில் ஒரு மாலை, பத்தர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மெலிந்து போயிருந்தார். மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அதற்குள்ளே கறுத்துப்போன ஒரு சிறு பொன் கட்டி.

"அம்மா, கொப்பி எரிஞ்சு போச்சு. ஆனால் ஆர் ஆர் எவ்வளவு தந்தது எண்டு எனக்கு மனப்பாடம். சாம்பலை அரிச்சு எடுத்தனான். உங்கடை நாலரையிலை இதிலை நாலேகால் இருக்கு. காலுக்கு நான் கடன்."

"உங்கடை சொந்தப் பொருள், பத்தர்?" என்று அம்மா கேட்டா.

"அதைத்தான் குறைஞ்ச ஆக்களுக்குப் போட்டு நிரவினனான். இன்னும் மூண்டு வீடு இருக்கம்மா."

அம்மா அந்தக் கால் பவுணை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தா. அவர் தேநீரைக் குடித்துவிட்டு, பதில் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு வருடங்கள் கழித்து, கால் பவுணில் ஒரு மோதிரம் ஆள் மூலமாக வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழிலே காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். ஒரே சொல்லை நம்மவர்கள் ஏன் இரண்டுக்கும் வைத்தார்கள் என்பது அந்த மாலையில்தான் எனக்கு விளங்கியது.

2022 ஆம் ஆண்டில், ரூபாவின் பெறுமதி விழுந்து ஒரு பவுணின் விலை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்த நாட்களில், நான் மறுபடியும் செட்டியார் தெருவுக்குப் போனேன். கண்ணாடிக் கதவுகள், குளிரூட்டிய கடைகள், இயந்திரத்தில் வார்த்த நகைகள். நான் நின்ற கடையிலே வாங்க வந்தவர்களைவிட விற்க வந்தவர்களே அதிகம். ஒரு தாய் தன் காப்பைக் கழற்றிக் கொடுக்கிறா. மின்தராசு நிறையைக் காட்டுகிறது; கணினி துண்டைக் கக்குகிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஏமாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

பின்புற ஒழுங்கைக்குள் போய்ப் பார்த்தேன். பத்தரின் அறை இருந்த இடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய களஞ்சியம் ஒன்று. உமி நெருப்பின் மணம் இல்லை. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேலே இப்போது சீமெந்து பூசியிருக்கிறார்கள்.

தெருக்கள் மாறுவது இயல்பு. மாறக்கூடாது என்று கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை. கடல் போனதற்கு ஒரு பெயர் சாட்சி. செட்டியார் போனதற்கு இரண்டு பெயர்கள் சாட்சி. சாம்பலை அரித்து மற்றவர் பொருளைத் தேடிய அந்தப் பத்தருக்குச் சாட்சி சொல்ல, அக்காவின் விரலில் இருக்கும் கால் பவுண் மோதிரமும் என்னுடைய இந்தச் சில வார்த்தைகளுந்தான் உண்டு. அவற்றை இன்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.