உப்பு வாருகிறவன் வீட்டிற்குத் தேசங்களின் சங்கதி எதற்கு?

(பிரம்மதேசம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கூட்டத்திற்கு வருமுன் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர். அவர் மகள் பி.ஏ. முடித்துவிட்டு, சர்வதேச உறவு என்கிற பாடத்தைச் சர்வகலாசாலையில் படிக்க வேண்டுமென்கிறாளாம். “உப்பு வாருகிறவன் பெண்ணுக்கு, தேசத்தோடு தேசம் பேசுகிற சங்கதி எதற்கு அய்யா? அது பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிப்பல்லவா?” என்றார். நான் பேச வந்த விஷயம் வேறு. அது கிடக்கட்டும், இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1815 மார்ச் 7-ந் தேதி லண்டனில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். எதைப்பற்றி? உப்பைப்பற்றி! இந்தியாவிலுள்ள பிரெஞ்சு எல்லைகளில், அதாவது நம் பக்கத்துப் புதுச்சேரி முதலிய இடங்களில், விளையும் உப்பை வாங்கும் உரிமை முழுவதும் இங்கிலீஷ் கம்பெனி சர்க்காருக்கே என்பதாகவும், பிரெஞ்சு சர்க்காருக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய் என்பதாகவும் பேரம் முடிந்தது. 1818-ல் இன்னோர் ஒப்பந்தம். அங்கே உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட்டு, உப்பளச் சொந்தக்காரர்களுக்கு வருஷம் 4,000 நட்சத்திர வராகன் நஷ்டஈடு என்று எழுதினார்கள். சொந்தக்காரனுக்கு வராகன், பாத்தி மிதித்தவனுக்கு என்ன என்று கேட்க அந்த மேஜையில் யார் இருந்தார்கள்? ஒரு நாளும் உப்பு வாரி அறியாத இரண்டு தேசத்துப் பெரிய மனிதர்கள், நம் குழம்பில் போடுகிற உப்பின்மேல் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவரே, இதற்குப் பெயர்தான் சர்வதேச உறவு. அது உம்முடைய வீட்டுக்குள் வந்து இருநூறு வருஷமாகிறது. நீர்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை!

கச்சத்தீவு ஒப்பந்தம் 1974-ல் நடந்தது. 1976-ல் இரு சர்க்காரும் கடிதம் மாற்றிக்கொண்டு, ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கலாகாது என்றார்கள். வலை வீசுகிறவனை எவன் கேட்டான்?

நம் ராஜாக்கள் மட்டும் யோக்கியர்களா? நம் ஜில்லாவிலேயே எண்ணாயிரம் என்ற ஊர் இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கு நடந்த கல்லூரியைப்பற்றிக் கல்வெட்டே பேசுகிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், 45 வேலி நிலம். படித்ததென்ன? வேதம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம். அதே ராஜா 1025 வாக்கில் கடாரத்திற்குக் கப்பற்படை அனுப்பினான். கடல் தாண்டிச் சண்டை போடத் தெரிந்தவன், அந்தக் கடலுக்கு அப்பாலுள்ள ஜனங்களைப்பற்றிப் படிக்க அந்த 340 பேரில் ஒருவனையாவது வைத்தானா? வைக்கவில்லை. கடல் தாண்டினால் தோஷம் என்று சாஸ்திரம் எழுதிவைத்த கூட்டத்தாருக்கு 45 வேலி! அந்தக் கூட்டத்தாரே வெள்ளைக்காரன் உத்தியோகம் என்றவுடன் முதல் கப்பலில் ஏறினார்கள். தோஷம் எந்தத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டதோ, தெரியவில்லை.

இந்தப் படிப்பு வேதகாலத்துச் சரக்கல்ல, தோழர்களே! முதல் மகாயுத்தத்தில் லட்சக்கணக்கான பேர் செத்த பிறகுதான், யுத்தம் ஏன் வருகிறது என்று ஆராய 1919-ல் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் கல்லூரியில் இதற்கென்று முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. டெல்லியில் 1955-ல்தான் தனிப் பள்ளி வந்தது.

பெரிய வீட்டுப் படிப்பு என்றாரே, கே.ஆர். நாராயணன் எந்தப் பெரிய வீடு? கேரளத்து உழவூரில், தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் லாஸ்கியிடம் அரசியல் படித்தார். 1949-ல் வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்தார். 1976-ல் சீனாவுக்குத் தூதர். 1997-ல் குடியரசுத் தலைவர். கோவில் தெருவில் நடக்கக்கூடாதென்ற ஜாதிக்காரர் பீகிங்கில் இந்தியாவுக்காகப் பேசினார்.

பொய் சொல்லி ஆசை காட்ட நான் ஜோசியனல்ல. இதைப் படித்தவுடன் தூதர் உத்தியோகம் வந்துவிடாது. அதற்குத் தனிப் பரீட்சை. எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். தேறுகிறவர் வெகு சிலர். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்து, எந்த வரியில் நம் வயிற்றில் அடித்திருக்கிறான் என்று கண்டு சொல்ல ஓர் ஆள் இந்தக் கடற்கரையில் வேண்டுமா, வேண்டாமா?

காலாப்பட்டு எவ்வளவு தூரம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 1985-ல் ஏற்பட்ட அந்தச் சர்வகலாசாலையில் இதைக் கற்பிக்கிற துறை இருக்கிறது. பணமில்லை என்கிறார் பெரியவர். தீமிதித் திருவிழா வரிக்குக் கடன் வாங்கினதை அவரே டீக்கடையில் சொன்னார். நெருப்பை மிதிக்கக் கடன் கிடைக்கும், பெண் படிக்கக் கிடைக்காதோ?

அந்தப் பெண் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை பஸ்ஸுக்கு நானும் அவளோடு வருகிறேன். பெரியவரும் வரட்டும், உப்பளத்தில் ஒரு நாள் கூலிதான் போகும்.