மழையின் கணக்கறிந்து விதைப்போம்

(கண்டிப் பகுதி உழவர், தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை மிகுந்த இம்மலையில் பருத்தி பயிரிடலாமா என்று நம்மைக் கேட்கிறார்கள். ஆசை காட்டுவது எளிது. விதைத்தபின் வருந்துபவன் உழவனல்லவா? ஆகவே உள்ளதை உள்ளபடி கூறுவோம்.

பருத்தி இளமையில் மழையை விரும்பும். முதிர்ச்சியில் வெயிலை விரும்பும். பூக்கும் காலத்தில் மழை ஓயாவிடில் சப்பை உதிரும். வெடித்த காய் நனைந்தால் பஞ்சு கறுக்கும். அம்பாந்தோட்டை உழவர் பெரும்போக மழையில் விதைத்து, அது ஓய்ந்த வறட்சியில் பஞ்சு எடுப்பது இதனாலன்றோ! நம் முன்னோர் பலர் விட்டு வந்த தமிழகத்துக் கரிசல் காட்டிலும் இதுவே முறை.

கண்டியின் நிலை வேறு. இங்கு இரு பருவக்காற்றும் மழை தருகின்றன. வெயில் வாய்ப்பது தை முதல் பங்குனி வரையே. காய் அதற்குள் வெடித்தால் பஞ்சு. பிந்தினால் சித்திரை இடிமழைக்கு இரை! மலைச்சரிவின் பனியும் குளிரும் காயைப் பிந்தச் செய்யும் என்பதையும் மறக்கலாகாது.

கோப்பி கற்பித்த பாடம்

1869ஆம் ஆண்டு இந்நாட்டுக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. நனைந்த இலையிலே நோயின் வித்து முளைத்தது, காற்றிலே பரவியது. மலை முழுதும் ஒரே பயிராய் இருந்ததால் தடுப்பார் இல்லை. தோட்டங்கள் முறிந்தன. துரைமார் சிலர் கப்பலேறினர். கூலிப் பாக்கியை இழந்து நின்றவர் யார்? நம் தொழிலாளரே!

கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை நிலைத்தது ஏன்? 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். தேயிலையில் நாம் கொள்வது கொழுந்து. மழை அதனை வளர்க்கும். பருத்தியில் நாம் கொள்வது பஞ்சு. மழை அதனைக் கெடுக்கும். மழையோடு ஒத்துப்போகும் பயிரே மலையில் வாழும்.

நாம் கேட்பது

புதுப்பயிரை வேண்டாமென்று நாம் கூறவில்லை. முதலில் சிறு பாத்திகளில், சில ஆண்டு மழையைக் கண்டு சோதியுங்கள். நட்டம் வந்தால் பரிந்துரைத்தவர் ஏற்கட்டும். ஏழையின் தலையில் சுமத்தாதீர்! லயத்தருகே தொழிலாளி வளர்க்கும் காய்கறிப் பாத்தியைப் பிடுங்காதீர்! பலாவும் கமுகும் மிளகும் கலந்து வளரும் கண்டி வீட்டுத்தோட்டத்தைப் பாருங்கள்: ஒன்று பொய்த்தால் மற்றொன்று சோறிடும்.

மழையை நாம் ஆள முடியாது. விதைக்கும் நாளையும் விதைக்கும் பயிரையும் ஆளலாம். அந்த முடிவு உழைப்பவன் கையில் இருக்கட்டும்!