நாள்தோறும் நான்கு வரி

பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நாள், சரக்கின் நிலை, அரசியற் செய்தி, ஊர்ப்பேச்சு யாவும் அதில் உண்டு. வணிகர் ஒருவரின் அக்குறிப்பே இன்று வரலாற்றுக் கருவூலம்.

இதனை வகுப்பில் பலமுறை போதித்தும் நான் பின்பற்றினேனல்லேன். பெரம்பூருக்கு மேற்கே, அம்பத்தூரில் ஆசிரியனாயிருந்தபோது, பின்னக் கணக்குப் புரியாது கலங்கினான் ஒரு சிறுவன். பலவாறு முயன்று, ஒரு நாள் விளங்கவைத்தேன். எழுதி வைத்திலேன். அவன் முகம் நினைவிருக்கிறது. விளக்கிய வழி மறந்துவிட்டது. அதன்பின் எத்தனை சிறுவர்க்கு அது பயன்பட்டிருக்கும்!

தொழிற்பேட்டையில் பயிலும் இளைஞர், இயந்திரம் நின்றதேன், சீர்செய்ததெப்படி என்று அன்றன்றே குறித்துவைப்பாராயின், ஆண்டிறுதியில் அதுவே அவர்க்குப் பாடநூல். எழுதுங்கால் எண்ணம் தெளிகிறது, பிழை புலனாகிறது. நாளை தோழர்க்குப் படித்துக் காட்டினால், ஒருவர் பட்டறிவு பலர்க்கும் உடைமையாகிறது.

ஆதலின், இன்றிரவு உறங்குமுன் நான்கு வரி எழுதுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.