மலக்குழியும் மனித மாண்பும்



மலக்குழியில் இறங்கி மாண்டோரில் பெரும்பாலோர் நம் மக்களே. பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைக் குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. ஆயினும் சாவு நிற்கவில்லை. இன்று நம் இல்லங்களிலும் மலக்குழி உண்டு. ஆகவே அதனைப் பேணும் முறையை முதலில் அறிய வேண்டியவர்கள் நாமே.

குழியின் அடியில் சேறு படிகிறது. மேலே கொழுப்பு ஏடாக மிதக்கிறது. இடைப்பட்ட நீரே வெளியேறுகிறது. சேறு மூன்றில் ஒரு பங்கை எட்டுமுன், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழைத்தல் வேண்டும். வழியும்வரை காத்திருந்தால் சேறு இறுகிவிடும். குழாய் அதனை இழுக்காது. அப்போதுதான் “ஓர் ஆளை இறக்கு” என்ற பேச்சு எழுகிறது.

துணி, நெகிழி, எண்ணெய் ஆகியவற்றைக் கழிப்பறையில் இடலாகாது. அமிலத்தை மிகுதியாக ஊற்றினால் மலத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுவோம். குழியின் மூடியைத் தளம் போட்டு மறைக்காதிருப்போம்.

உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகும்போது மணம் அறியும் திறனையே மழுங்கச் செய்யும். நாற்றமில்லை என நம்பி இறங்கியவரையும், அவரை மீட்க இறங்கியவரையும் அது கொல்லும்.

இளைஞர்களே! கூலி எவ்வளவாயினும் நாம் இறங்கோம், எவரையும் இறக்கோம். இவ்வெள்ளி விழா நாளில் நாம் ஏற்கும் உறுதி இதுவாகுக.